அட்சதை உங்கள் முதுகில் விழுகிறது

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும், அண்மையில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கச்சிமார்களுக்கும் வணக்கம்.

ஆவணி பிறந்துவிட்டால் உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. கேமராக்கள் பைக்குள் கிடக்கும் இந்த ஆடியில் எழுதினால்தான் படிப்பீர்கள். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் சரி. ஐயர் கையை உயர்த்துகிறார். தவில் கெட்டிமேளத்துக்கு ஏறுகிறது. காபி டம்ளரோடு வெளியே நின்றவர்கள்கூட உள்ளே ஓடி வருகிறார்கள். பெண்கள் குலவை போடுகிறார்கள். மண்டபமே எழுந்து நின்று, உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த அட்சதையை மேடையைப் பார்த்து வீசுகிறது. அது மணமக்கள் தலையில் விழுவதில்லை. மேடையின் முன்விளிம்பில் தோளோடு தோள் உரசி நிற்கும் உங்கள் முதுகில் விழுகிறது. டிரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், டிரெடிஷனல் வீடியோவுக்கு ஒருவர், கேண்டிட் போட்டோவுக்கு ஒருவர், கேண்டிட் வீடியோவுக்கு ஒருவர், கிம்பலோடு சுற்றி வருபவர், லைட் பிடிக்கும் பையன் என்று ஆறேழு முதுகுகள். மஞ்சள் அரிசி கருப்புச் சட்டையில் தெறித்து, காலருக்குள் நுழைந்து, மேடைக் கம்பளத்தில் உதிர்கிறது. கடையநல்லூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பெரியம்மா, முப்பதடி தூரத்தில் நடக்கும் கல்யாணத்தை எல்.இ.டி. திரையில் பார்க்கிறார். வீட்டிலிருந்தே லைவ் லிங்க்கில் பார்த்திருந்தால் அவருக்கு முட்டிவலியாவது மிஞ்சாமல் இருந்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். பெண்ணை மேடைக்கு அழைத்து வருவது முதல் அம்மி மிதித்து அருந்ததி பார்த்து முடிக்கும் வரை கல்யாணத்துக்கு நீங்கள் எந்த உத்தரவும் போடாதீர்கள். "இங்க பாருங்க", "லேசா சிரிங்க", "தாலியை அப்படியே பிடிங்க மாப்ளே", "இன்னொரு தடவை" ஆகிய நான்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். ஜோசியரிடம் போய், பஞ்சாங்கம் பார்த்து, இரண்டு வீட்டாரும் மல்லுக்கட்டிக் குறித்த நேரம் அது. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நிற்கிறது, லென்ஸ் மாற்றும் வரை. நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போட்டு முடித்த பிறகு, "அக்கா, மறுபடியும் போடுற மாதிரி கை வைங்க" என்கிறீர்கள். அவரும் வைக்கிறார். கூச்சத்தில் ஒரு சிரிப்பு சிரிக்கிறார். ஆல்பத்தில் ஏறுவது அந்தச் சிரிப்புதான். முதல் முறை முடிச்சுப் போட்டபோது தம்பிக்குக் கல்யாணம் முடிகிறதே என்று கலங்கிய முகம் எந்த மெமரி கார்டிலும் இல்லை. கல்யாணத்தை நிறுத்தி எடுக்கும் படம் கல்யாணத்தையும் கெடுக்கிறது, படத்தையும் கெடுக்கிறது என்பதுதான் என் வழக்கு. நிறுத்தாமல் விட்டால் கல்யாணம் கலகலப்பாகும், படமும் நன்றாக வரும். இதை எழுதுகிற நான் படமே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை.

நிற்கச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு முந்தைய தலைமுறை கழுத்தில் மாட்டிய யாஷிகாவில் 120 ரோல் போட்டால் 12 படம். பிறகு வந்த 35 மில்லிமீட்டர் பிலிமில் 36 படம். பிலிமின் வேகம் குறைவு, மண்டபத்தின் டியூப் லைட் போதாது, பிளாஷ் ஒரு முறை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். எடுத்தது விழுந்ததா என்பது இருட்டறையில் கழுவிய பிறகுதான் தெரியும். கல்யாணம் முழுவதற்கும் இரண்டு மூன்று ரோல்தான் என்று கணக்குப் பண்ணி வந்த மனிதர், மாப்பிள்ளையைத் தாலியோடு நிற்கச் சொன்னதில் நியாயம் இருந்தது. கருவியின் போதாமைக்கு அவர் கண்ட வைத்தியம் அது. உங்கள் கையில் இருப்பது வேறு கருவி. ஐ.எஸ்.ஓ. 6400-ல் வைத்தாலும் படம் நொறுங்குவதில்லை. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கிறது, அதுவும் சத்தமில்லாமல். கண் எங்கே இருக்கிறதோ அங்கே போகஸ் தானாகப் போய் உட்காருகிறது. 85 மில்லிமீட்டரோ 70–200 லென்ஸோ இருந்தால் மேடை ஓரத்திலிருந்தே மணப்பெண்ணின் இமைமயிரை எண்ணலாம். நோய் போய்விட்டது, மருந்தை மட்டும் இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய ஆட்களாலாவது ரோல் தீரும் வரைதான் கல்யாணத்தை நிறுத்த முடிந்தது. உங்கள் கார்டில் 3,000 படத்துக்கு இடம் இருக்கிறது.

'கேண்டிட்' என்ற சொல்லை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட்டுத் தனித் தொகை வாங்குகிறீர்கள். அந்தச் சொல் புகைப்படத்துக்குள் வந்த கதை சுவாரசியமானது. 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் எரிக் சாலமன் என்பவர் எர்மனாக்ஸ் என்ற சின்னக் கேமராவோடு பெரிய மனிதர்கள் கூடும் இடங்களுக்குப் போனார். அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத அளவு ஒளியை உள்ளே விடும் லென்ஸ் அதில் இருந்தது. மாநாடுகளில் தூங்கி வழியும் மந்திரிகளையும், காதோடு காது பேசும் தூதர்களையும் பிளாஷ் இல்லாமல், அவர்கள் கவனிக்காத நேரத்தில் எடுத்தார். அதைப் பார்த்த லண்டன் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர்தான் கேண்டிட் கேமரா. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல், அவர் எப்படி இருக்கிறாரோ அப்படி எடுப்பது என்பது பொருள். நம் ஊரில் இப்போது அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். "கேண்டிட் எடுக்கணும், அப்படியே பேசிக்கிட்டே நடந்து வாங்க. கேமராவைப் பார்க்காதீங்க. பொண்ணு லேசா தலையைக் குனிங்க. மாப்ளே, ஏதோ ஜோக் சொன்ன மாதிரி. ஆங், மறுபடி." இதற்குப் பழைய ஸ்டூடியோ படம் எவ்வளவோ மேல். பின்னால் வரைந்த மாளிகைத் திரை, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பிளாஸ்டிக் பூ, விறைத்து நிற்கும் தம்பதி. நாங்கள் படத்துக்காக நிற்கிறோம் என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. நம் வீட்டுப் பட்டாசாலைச் சுவர்களில் தொங்கும் அந்தப் படங்களை இன்றும் மரியாதையோடு பார்க்கிறோமே, காரணம் அவற்றில் பொய் இல்லை. சொல்லிச் சிரிக்கவைத்ததைத் தானாகச் சிரித்ததாக விற்பதில்தான் பொய் நுழைகிறது. பார்க்கிறவருக்கு அது தெரியவும் செய்கிறது. துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே முகத்தசைகளைப் புகைப்படம் எடுத்துப் புத்தகம் போட்டார். கன்னத்துத் தசையை நாம் நினைத்தபோது இழுத்துக்கொள்ளலாம், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை உள்ளே மகிழ்ச்சி வந்தால்தான் சுருங்கும் என்று அவர் சொன்னார். உங்கள் எடிட்டிங் மேசையில் ஒரு கல்யாணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மணப்பெண்ணின் வாயைக் கையால் மறைத்துக் கண்களை மட்டும் பாருங்கள். எந்தப் படங்களுக்கு நீங்கள் "சிரிங்க" சொன்னீர்கள் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கல்யாணத்தை ஒவ்வொரு நொடியாகப் பார்த்துப் பதிந்து வைப்பது எப்படி என்பதற்கு நாம் லண்டனுக்கும் பாரிசுக்கும் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெண் ஒருத்தி தன் திருமணத்தைக் கனவில் கண்டு, தோழிக்குச் சொன்னாள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் வரும் வாரணமாயிரம் அது. வைணவக் கல்யாணங்களில் அதை ஓதாமல் முடிக்கமாட்டார்கள். ஓதும்போது நீங்கள் தட்டில் இருக்கும் தேங்காய்களைக் குளோசப் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள். மாப்பிள்ளை ஆயிரம் யானை சூழ ஊர்வலம் வருகிறான். மறுநாள் முகூர்த்தம் என்று நாள் குறித்துப் பந்தல் போடுகிறார்கள். தேவர்கள் பெண் கேட்டு வருகிறார்கள், நாத்தனார் முறைக்காரி கூறைப்புடவையும் மாலையும் அணிவிக்கிறாள். காப்புக் கட்டுகிறார்கள். விளக்கும் கலசமும் ஏந்திய பெண்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். மத்தளமும் சங்கும் முழங்க முத்துப் பந்தலின் கீழ் அவன் கைப்பிடிக்கிறான். தீ வலம், அம்மி மிதித்தல், அண்ணன்மார் அவள் கையை அவன் கைமேல் வைத்துப் பொரி இடுதல், கடைசியில் குங்குமமும் சந்தனமும் பூசி யானைமேல் நகர்வலம். நீங்கள் இன்று கையில் வைத்திருக்கும் ஷாட் லிஸ்டில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடல்களில் ஒருவர்கூட நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும் தங்கள் காரியத்தில் இருக்கிறார்கள். யாருடைய கை எங்கே இருக்கிறது, யார் யாரை எதிர்கொள்கிறார்கள் என்பதையே அவள் சொல்கிறாள். ஒரு கல்யாணம் நம் கண் முன்னால் நடக்கிறது, யாரையும் நிறுத்தாததால்.

அழகு பார்த்துக்கொள்ள ஆசைப்படுவது தப்பா, கேமராவுக்கு நிற்க விரும்பாத பெண் யார் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலிலேயே பதில் இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, எப்படி இருக்கிறது என்று ஆண்டாள் எட்டிப் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது, அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடிக்கொடுத்தவள் என்று பெயரே அதற்குத்தானே. ஆனால் அவள் அதை மாலை போகவேண்டிய இடத்துக்குப் போவதற்கு முன்னால், தனியாக, நிதானமாகச் செய்தாள். நானும் அதைத்தான் கேட்கிறேன். மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து எடுக்கும் படத்துக்கு ஒரு கண்ணாடிக் கிணற்று நேரம் ஒதுக்குங்கள். அலங்காரம் முடிந்து மேடைக்குப் போவதற்கு முன் அரைமணி, ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், தாடையைத் திருப்புங்கள், நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முகூர்த்தம் தொடங்கியபின் கிணற்றை மூடிவிடுங்கள்.

உங்கள் மறுப்புகளில் கனமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "தாலி கட்டுற ஸ்டில் வரலைன்னா யார் பதில் சொல்றது? நீங்களா வந்து பார்ட்டிகிட்ட நிப்பீங்க?" இந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. பாக்கிப் பணம் அந்த ஒரு படத்தில் தொங்குகிறது, ஊரில் பெயரும் அதில் தொங்குகிறது. ஆனால் இதே மாதம் நீங்கள் செய்யப்போகும் இன்னொரு வேலையை நினைத்துப் பாருங்கள். ஆடிப்பூரத்தன்று ரத வீதிகளில் தேர் வரும். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்திருப்பார்கள். தேர் திரும்பும் முனையில் கட்டைக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் தடிபோடும் நொடிக்காக நீங்கள் மொட்டைமாடியில் கால் கடுக்க நிற்பீர்கள். அங்கே எவரும் "தேரை அப்படியே நிறுத்துங்க, இன்னொரு தடவை இழுங்க" என்று கத்துவதில்லை. கத்தினால் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். அப்படி இருந்தும் ஆண்டுதோறும் நல்ல படங்கள் வருகின்றன. காரணம், தேர் எங்கே திரும்பும், வெயில் எந்தப் பக்கம் இருக்கும், கூட்டம் எப்போது கையெடுக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். கல்யாணம் தேரைவிடச் சொன்ன பேச்சுக் கேட்கும். நேரம் அழைப்பிதழிலேயே அச்சாகியிருக்கிறது. முதல் நாள் இரவே ஐயரிடம் போய், "சாமி, தாலியை வாங்கிக் கொடுக்கும்போது எந்தப் பக்கம் நிப்பீங்க, மாப்பிள்ளை எழுந்து நின்னு கட்டுவாரா, உக்காந்தா?" என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் தரையோடு தாழ்ந்து உட்கார்ந்து, மண்டபத்தின் பின்னால் உயரமான ஸ்டாண்டில் மூன்றாவது கேமராவைத் தானாக ஓடவிட்டால், மூன்று முடிச்சும் மூன்று கோணத்தில் விழும். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கருவியால் மூன்று முடிச்சைப் பிடிக்க முடியாது என்று நீங்களே சொன்னால் கருவிக்குத்தான் அவமானம்.

வெளிச்சம் போதாது என்பது அடுத்த மறுப்பு. இதற்கு நீளமான பதில் தேவையில்லை. மண்டபத்துக்காரரிடம் சொல்லி மேடைமேல் கலர் மாறும் லைட்டுகளை அந்த ஒரு மணி நேரத்துக்கு அணைத்து, வெள்ளையை மட்டும் எரியவிடச் சொல்லுங்கள். உங்கள் வீடியோ லைட்டை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மேற்கூரையில் திருப்புங்கள். ஹோமப் புகையில் ஏற்கெனவே கண் எரியும் பெண்ணுக்கும், கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் அது பெரிய உபகாரம். பிரான்சின் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார், ரமணர் மறைந்த நாள்களில். அவரிடம் இருந்தது லைக்கா ஒன்று, அதன் பளபளப்பும் தெரியக் கூடாது என்று கருப்பு ஒட்டியிருந்தார். பிளாஷ் அடிப்பதை அவர் மரியாதைக் குறைவாகவே நினைத்தார். அவர் காலத்துப் பிலிமில் பிளாஷ் இல்லாமல் முடிந்தது என்றால் உங்கள் சென்சாரில் முடியாதா?

"பார்ட்டியே அப்படித்தான் சார் கேக்கிறாங்க, ரீல்ஸ்ல பார்த்துட்டு வந்து அதே மாதிரி வேணும்கிறாங்க" என்பது மூன்றாவது. உண்மைதான். ஆனால் அவர்கள் முன்னால் எதை வைக்கிறீர்கள்? கடைக்கு வந்ததும் மேசைமேல் இருக்கும் 12-க்கு 36 சாம்பிள் ஆல்பத்தைத்தான் புரட்டுகிறார்கள். அதில் முதல் பத்து ஷீட்டும் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் சிவப்பு கவுன் பறக்க நிற்கும் பெண். (மேற்குத் தொடர்ச்சி மலை நம் ஊர்க் கொல்லைப்புறத்தில் நிற்கிறது, மாந்தோப்பு வழிநெடுக இருக்கிறது, நாம் பெட்ரோல் போட்டுக்கொண்டு மூணாறு போகிறோம், அது போகட்டும்.) அடுத்த பத்து ஷீட்டில் தாலி அந்தரத்தில். காட்டியதைத்தானே கேட்பார்கள்? பால்கோவாக் கடையில் முன்தட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் வெளியூர்க்காரர் சுட்டிக்காட்டி வாங்குகிறார். உங்கள் கடையின் முன்தட்டில் நிறுத்தாமல் எடுத்த ஒரு கல்யாணத்தை வையுங்கள். பேத்திக்கு மாலை சரிசெய்யும் ஆச்சியின் விரல்கள், சீர்வரிசைத் தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொடியன், கன்னிகாதானம் கொடுத்து முடித்ததும் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கும் விதம். பெண்ணின் அம்மா அந்த ஆல்பத்தை எத்தனை முறை திருப்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அமெரிக்காவில் 1996 செப்டம்பரில் அதிபர் கென்னடியின் மகன் ஒரு தீவில், சின்ன மரக்கோயிலில், ஊருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார். புகைப்படக்காரர் டெனிஸ் ரெஜி எடுத்த ஒரே ஒரு படம் உலகமெங்கும் போயிற்று. கோயில் வாசல்படியில் இறங்கும்போது அவர் மனைவியின் கையை எடுத்து முத்தமிடும் அரைநொடி. அதற்குப் பின் அந்த நாட்டில் எத்தனையோ வீட்டார் போஸ் வேண்டாம் இப்படி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்கக் கற்றுக்கொண்டதும் ஒரு படக்காரரிடமிருந்துதான்.

குரூப் போட்டோ விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அடுத்த கல்யாணத்துக்கு யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்று யாருக்குத் தெரியும்? தாய்மாமன்மார், பங்காளிகள், நாலு தலைமுறை ஒன்றாக நிற்கும் படம் கட்டாயம் வேண்டும். ஆனால் மேடையில் நீங்கள் நடத்தும் வரிசை அதற்குத்தானா? கணக்குப் போடுவோம். 600 பேர் வந்த கல்யாணத்தில் நாலு நாலு பேராக மேடையேறினால் 150 குழு. குழுவுக்கு அரை நிமிடம் என்றாலும் ஒன்றேகால் மணி நேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே சிரிப்பைச் சுமக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றியவர்கள், பலகாரம் ஒரு வாய் வைத்தார்களோ என்னவோ. மொய்க் கவரோடு வந்தவர் அவர்களிடம் ஒரு வார்த்தை பேச வாயெடுக்கும்போதே, "சார் கொஞ்சம் தள்ளுங்க, இங்க பாருங்க, அடுத்தவங்க" என்கிறீர்கள். அந்த 150 படத்தில் ஆல்பத்தில் ஏறுவது எத்தனை? மற்றவை பென் டிரைவில் கிடந்து மக்குகின்றன. குரூப் படத்தை வேறு விதமாக முடிக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நம் சேத்தூர், சிவகிரி ஜமீன் அரண்மனைகளைப் போல பழைய மாளிகைகள் நிறைய உண்டு. பதிவுத் திருமணத்தை இப்படிப்பட்ட இடங்களிலும் நடத்தலாம் என்று 1994-ல் அங்கே சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு நடைமுறைக்கும் வந்தது. அதிலிருந்து மாளிகைக் கல்யாணம் அங்கே பெரிய மோகம். அங்கே பல இடங்களில் பதிவாளரோ பாதிரியாரோ படக்காரரை முன்கூட்டியே அழைத்து, எங்கே நிற்கலாம், எங்கே நகரக் கூடாது, பிளாஷ் அடிக்கலாமா என்று சொல்லிவிடுகிறார்கள். குரூப் படத்துக்குக் குடும்பத்தார் முன்பே எழுதிக் கொடுத்த பட்டியல் உண்டு. புல்வெளியில் விருந்தினர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதை அரைமணியில் முடித்துவிட்டு மணமக்களைக் கூட்டத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் செய்வதால் நாமும் செய்ய வேண்டும் என்பதில்லை. நம் ஊர்த் தேவாலயக் கல்யாணங்களிலும் பலிபீடத்தருகே உங்களை விடாத பாதிரிமார்கள் இருக்கிறார்கள், அங்கேயும் நீங்கள் நல்ல படம்தான் எடுக்கிறீர்கள். மாலை மாற்றுவதே கல்யாணமாகிவிடும் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அங்கே "மாலையை மறுபடி மாத்துங்க" என்று நீங்கள் சொன்னால் சட்டப்படி அது இரண்டாம் கல்யாணமா என்று யாராவது குறும்பாகக் கேட்கலாம்.

பிழைப்பு பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடி இல்லை, மார்கழி இல்லை, பல வீடுகளில் புரட்டாசியும் இல்லை. மிச்ச மாதங்களிலும் நல்ல முகூர்த்த நாள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அன்றைக்கே எல்லாக் கல்யாணமும். கேமராவுக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வருகிறது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் குழுக்களோடு வேறு போட்டி. அதனால் எட்டுப் பேர் வருவோம், ட்ரோன் வரும், புகை வரும், காகிதம் வெடிக்கும் என்று தலைகளின் எண்ணிக்கையைக் காட்டி விலை சொல்கிறீர்கள். மில் வேலையில் சேர்த்த பணத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்யும் குடும்பம் அதற்கும் தலையாட்டுகிறது. நான் கேட்பதால் உங்கள் வருமானம் குறையாது. எட்டுப் பேர் சம்பளத்தை நாலு நல்ல ஆட்களுக்குக் கொடுங்கள். டிரெடிஷனல் குழுவும் கேண்டிட் குழுவும் ஒருவர் பிரேமுக்குள் ஒருவர் தலையை நீட்டி, மேடையிலேயே முறைத்துக்கொள்வது குறையும். வெளியூர்க் குழுவிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. யார் யாருக்கு என்ன முறை, எந்தச் சித்தப்பா எந்தப் பெரியப்பாவோடு பத்து வருஷமாகப் பேசுவதில்லை, அவர்கள் இருவரும் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் அது எவ்வளவு பெரிய படம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உத்தரவு போடுவதற்கு ஊர் தெரிய வேண்டாம். காத்திருந்து எடுப்பதற்கு ஊர் தெரிய வேண்டும். அதற்குக் கூலி கூடக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

ஆண்டாள் கோயில் கருவறையில் மூவர் நிற்கிறார்கள். ஆண்டாள், ரங்கமன்னார், பக்கத்தில் கருடன். வழக்கமாக எதிரே நிற்கும் கருடன் இங்கே பக்கத்தில் ஏன் என்றால், மாப்பிள்ளையை வேளைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதால் அந்த இடம் கிடைத்தது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கல்யாணத்தில் அத்தனை பெரிய வேலை பார்த்தவர், கைகூப்பி ஓரமாகத்தான் நிற்கிறார். மறைக்கவில்லை. நம் மண்டபங்களிலும் உங்கள் வேலை பெரியது. பத்து வருஷம் கழித்து அந்த வீட்டில் மிஞ்சப்போவது நீங்கள் எடுத்ததுதான். அதனால்தான் வீட்டாரிடமும் ஐயரிடமும் மண்டபத்துக்காரரிடமும் போகாமல் உங்களிடம் வருகிறேன். செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவரும் உறவுக்காரர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். நீங்கள் மேடையை விட்டு இறங்கி ஓரத்தில் உட்கார்ந்தால், எழுந்து வந்தவருக்கே கூச்சம் வந்துவிடும். நீங்கள் முன்னால் நிற்கும் வரை அவரைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை.

ஆகவே வரும் ஆவணியில், உங்கள் கைக்கு வரும் முதல் கல்யாணத்தில் மட்டும் இதைச் செய்து பாருங்கள். ஒரு வாரம் முன்பே பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய், யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்று பதினைந்து குரூப்புக்குள் பெயர் எழுதி வாங்குங்கள். முகூர்த்தத்துக்கு முன் அரைமணி நேரம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனியே நிற்க வைத்து ஆசைதீர எடுங்கள். பெண் மேடையேறியதும் வாயை மூடிக்கொண்டு பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். லைட் பிடிக்கும் தம்பிக்கு அந்த ஒரு மணி நேரம் லீவு கொடுத்து, போய் ஒரு காபி குடிக்கச் சொல்லுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது மேடையின் முன்பக்கத்தை, கையில் அட்சதையோடு எழுந்து நிற்கும் ஜனங்களுக்குத் திறந்துவிடுங்கள்.